புறமுதுகு காட்டிய காளை

"இந்த வெள்ளிக்கிழமையும் தோத்தா நீ ஊருக்குக் கிளம்பலாம். கலாஸ், முடிஞ்சுது" என்றார் முதலாளி ராஷித்.

புதுக்கோட்டை வைரவன், அரபு நாடான ஃபுஜைராவில் ராஷித்தின் தோட்டத்தில் சண்டைக்காளை வளர்க்கிறவன். நெய்யும் பேரீச்சம்பழமும் ஊட்டித்தான் வளர்த்தான். ஆனால் அந்தக் காளை, இன்னொரு மாடு முட்டத் தொடங்கினாலே திரும்பி நடந்துவிடும். முதலில் விலகும் மாடு தோற்றதாகக் கணக்கு.

"எதிரே யாரோட மாடு, அர்பாப்?" என்று முதலாளியைக் கேட்டான்.

"ஹமதோடது. இதுவரைக்கும் தோத்ததே இல்லை."

வைரவன் முகம் தெளிந்தது. "அப்ப கவலைப்படாதீங்க. மைதானத்துல நான் நம்ம மாட்டுக்குப் பின்னாலயே நிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை இரண்டு காளைகளும் கொம்பைக் கோத்து முட்டின. ராஷித்தின் காளை வழக்கம்போலப் பின்வாங்கத் தொடங்கியது. வைரவன் மெதுவாக, "செவலை" என்றான்.

ஹமதின் காளை காதை நிமிர்த்தியது. சட்டென்று கொம்பை விடுவித்துக்கொண்டு விலகி ஓடியது. நடுவர் ராஷித்தின் பக்கம் கை காட்டினார்.

ராஷித் சந்தோஷத்தில் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அவ்வளவு பெரிய மாடு எதுக்குப் பயந்து ஓடுச்சு?"

வைரவன் சிரித்துக்கொண்டே முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினான். ஹமதின் காளை அவன் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது.

"பயந்து ஓடலை அர்பாப், என்கிட்ட ஓடி வந்துச்சு. கன்னுக்குட்டியிலேருந்து நான்தான் வளர்த்தேன். மாட்டுக்கு ரொம்பச் செல்லம் கொடுக்கிறேன்னுதான் ஹமத் என்னை வேலையை விட்டு நிறுத்தினார்."