மழை பட்டன்

கொட்டச்சேடு எஸ்டேட் வாசலில் பைக்கைச் சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் காபிச் செடிகளுக்குள் ஓடினான் மாதேஷ். ஐந்து மணிக்குள், ஆட்களை வேலை வாங்கும் ஆறு மேஸ்திரிகளும் சரி என்று சொல்லியாக வேண்டும்.

"நீ போட்ட புது ஆப்பை மூணு நாளா ஒருத்தரும் தொடல. நோட்டுல எழுதறாங்களாம். இன்னிக்கு முடிக்கலேன்னா எஸ்டேட் நம்மள விட்டுரும். நாளைக்கு நீயும் ஆபீசுக்கு வர வேண்டாம்." சேலத்தில் முதலாளி தினேஷ் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை.

ஐந்து பேரைப் பார்த்தாயிற்று. ஐந்து பேரிடமும் ஒரே பதில்தான். "சாந்தாமேரியக்கா சரின்னா சரிங்க."

காட்டை ஒட்டிய சரிவில் நின்றிருந்தார் ஆறாவது மேஸ்திரி சாந்தாமேரி. ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் போன். கீழே பத்துப் பெண்கள் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்கக்கா, புதுசுல என்னங்க கொறை? ஆள் வரவு, எடை எல்லாம் தானா ஏறுதே."

"எம் மூஞ்சியக் காட்டுனா யாருன்னு கேக்குது தம்பி. இந்த மலையில என்னைத் தெரியாத ஆளு அது ஒண்ணுதான்."

"மூஞ்சி வேண்டாம்னா எடுத்தர்றேன். எடைப் பக்கத்தையும் பழைய எடத்துக்கே கொண்டாந்தர்றேன்."

"அதெல்லாம் பழகிக்குவோம். மழை பட்டன் எங்க?"

மாதேஷுக்குச் சிரிப்பு வந்தது. பழைய ஆப்பில் அதை அமுக்கினால் எஸ்டேட்டில் எல்லார் மடியிலும் போன் அதிரும். களத்தில் காயும் காபியை ஓடிப்போய் மூடுவதற்காக வைத்தது.

"இனிமே மழை வர்றது தானா தெரிஞ்சிரும்ங்க. போன மாசம் இருவத்திமூணு தடவ அமுக்கியிருக்கீங்க. ஒரு தூறல் இல்ல. கை தவறிப் படுதுன்னுதான் எடுத்தேன்."

"எடுக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? நாங்க அத..."

சாந்தாமேரியின் பேச்சு பாதியில் நின்றது. பார்வை அவன் தோளைத் தாண்டிப் போனது. கட்டைவிரல் மட்டும் போனின் இடது மூலையைத் தட்டித் தட்டித் தேடியது. அந்த இடத்தில் இப்போது 'உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்' என்று இருந்தது.

"வானம் பளிச்சுனு இருக்குதேக்கா" என்றான் மாதேஷ்.

"அசையாதீங்க சாமி." குரல் கிசுகிசுப்பாக இறங்கிவிட்டது. கீழே பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "பொண்ணுங்களுக்குச் சொல்லோணும், ஆனா கத்தக் கூடாது. அதுக்குத்தான் அந்தப் பட்டன் எங்களுக்கு."

மாதேஷுக்குப் பின்னால் ஒரு கிளை முறிந்தது.

"எதுக்குக்கா?"

"உங்க முதுகுப் பக்கம் நிக்கற காட்டெருமைக்குங்க."