தடம் இல்லாத பக்கம்

அவள் வண்டியை நிறுத்தினாள்.

கொடி நட்ட பாதை அந்த இடத்தில் வலப்பக்கம் திரும்பியது. காலையில் வந்த ஸ்னோமொபைல் பனிவண்டிகள் எல்லாம் அதன்வழியேதான் போயிருந்தன. தடத்தின்மேல் தடம் விழுந்து, உழுதுபோட்ட வயல்போலக் கிடந்தது பனி.

இடப்பக்கம் ஒரு தடமும் இல்லை.

பின்னால் வந்த சுகிர்தா தலைக்கவசத்தின் கண்ணாடியை உயர்த்தினாள். கணவனின் தங்கை. ஏதாவது கேட்டால் இவள் மனம் மாறிவிடுவாளோ என்று பயந்தவள்போல, ஒன்றும் கேட்கவில்லை.

இருவரும் இடப்பக்கம் திரும்பினார்கள்.

இந்த ரொக்கி மலைக்கு வரும்போதெல்லாம் அவள் கணவனின் கூட்டத்துக்குக் கடைசியில்தான் வண்டி ஓடுவாள். அவர்கள் கலக்கிவிட்டுப் போன பனிதான் அவளுக்கு. யாரும் மிதிக்காத பனி எப்படியிருக்கும் என்று தேத்தண்ணி குடித்தபடி அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறாள்.

இன்று அவள் முன்னால்.

மரங்கள் முடிந்தன. பெரிய வெட்டவெளிச் சரிவு ஒன்று வெயிலில் மினுங்கியது. ஒரு பறவையின் கால்கூட அதில் படவில்லை.

“மச்சாள்!” என்று கூவியேவிட்டாள் சுகிர்தா.

அவள் விளிம்போரமாக மெல்ல ஏறினாள்.

அடியில் எங்கோ பனி ‘தொம்’ என்று அமர்ந்தது. வண்டியின் முன்னாலிருந்து மெல்லிய விரிசல் ஒன்று புறப்பட்டு, சரிவின் குறுக்கே கோடு கிழித்துக்கொண்டு ஓடியது.

அவள் பிரேக்கைப் பிடித்தாள்.

சரிவு அசையாமல் நின்றது.

கைப்பிடியை மரங்களின் பக்கம் திருப்பி, முட்டைமேல் நடப்பவள்போல வெளியே வந்தாள். மரங்களுக்குள் வந்தபிறகுதான் வண்டியை நிறுத்தினாள்.

“இது வேண்டாம், சுகிர்தா. வடிவுக்கு வடிவுதான். ஆனா சரிஞ்சா ஆளை விழுங்கிப்போடும்.”

சுகிர்தாவின் முகம் வாடிப்போயிற்று. அவளுடையதும்தான். இனிப் பாதைக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தபடி கீழே பார்த்தாள்.

அங்கே, அந்தச் சரிவைவிட்டு வெகுதூரம் விலகி, மலை சாய்வதை மறந்து படுத்துக்கிடந்த ஓரிடத்தில், எப்போதோ தீப்பிடித்த காடு. இலை இல்லை. கிளை இல்லை. கம்பம் கம்பமாகக் கரிந்த மரங்கள் மட்டும் நின்றன. சரிந்து விழ மேலே ஒன்றும் இல்லை. இடையால் வண்டி தாராளமாகப் போகும்.

கம்பங்களுக்கு இடையெல்லாம் வெள்ளை.

சுகிர்தாவைப் பார்த்தாள். சுகிர்தா ஏற்கனவே கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தாள்.

கம்பங்களுக்குள் புகுந்ததும் பனி மூக்கிலும் வாயிலும் அடித்தது. வண்டி மிதந்தது. சாய்த்த பக்கம் சாய்ந்தது, நினைத்த பக்கம் திரும்பியது. அவள் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

சுகிர்தாவின் வண்டி ஒரு குழியில் மூக்குக் குத்தி நின்றது. இறங்கியவள் இடுப்புவரை காணாமல் போனாள். தோண்டினார்கள். இழுத்தார்கள். ஆளுக்கொரு மரத்தில் சாய்ந்து வயிறு நோகச் சிரித்தார்கள். பிறகு மறுபடியும் தோண்டினார்கள்.

வெயில் சாயத் தொடங்கியதும் மனமில்லாமல் பாதைக்கு இறங்கினார்கள்.

பாதை பிரியும் இடத்தில் அவள் கணவன் வாகீசனும் அவனுடைய கூட்டாளிகளும் நின்றார்கள். மிதிபடாத பனியை நாள் முழுக்கத் தேடி ஓரிடமும் அகப்படாத முகங்கள்.

வாகீசன் மட்டும் இறங்கிக் கிட்ட வந்தான்.

“மேல ஏதும் கிடக்கே?”

அவள் இதுவரை அவனிடம் பொய் சொன்னதில்லை.

“ஒண்டுமில்லை.”

சுகிர்தா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

வாகீசன் மனைவியைப் பார்த்தான். கழுத்துப்பட்டிக்குள் திணிந்திருந்த பனி. புருவத்தில் பனி. மஞ்சள் ஜாக்கெட்டின் தோளில் இருந்து முதுகுவரை, புத்தம் புதிதாய் ஒரு கரிக்கோடு.

மலையைப் பார்த்தான். மறுபடியும் கரிக்கோட்டைப் பார்த்தான்.

“என்னவாம்?” என்று கூட்டாளிகள் பின்னாலிருந்து கேட்டார்கள்.

அவன் குனிந்து ஒரு கை பனியை அள்ளினான். அவள் தோளில் வைத்து அழுத்தித் தேய்த்தான். கருப்பு மறையும்வரை பூசினான்.

பிறகு அவர்கள் பக்கம் திரும்பினான்.

“ஒண்டுமில்லையாம்.”