குறுக்குக் கோடு

நவம்பர் மாதம், பிற்பகல் மூன்று மணிக்கே, மலைகளுக்கு நடுவே நீளமாகப் புகுந்த கடலான ஃபியோர்டின் மேல் இருட்டு இறங்குகிறது. குட்வெய்க் தன் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் விளக்கு தானாக எரிவதற்கு மகன் அஸ்பியோர்ன் எழுதிய நிரல் அதில் இருக்கிறது. ஜூனில் கடலுக்குப் போனவனின் படகு மட்டும்தான் திரும்பி வந்தது. விளக்கு இன்னும் அவன் வைத்த கோடைக் கணக்கில் இரவு பதினொன்றுக்குத்தான் எரிகிறது. அதை மாலைக்கு இழுத்துவர ஒரே ஒரு வரி சேர்க்கப் பார்க்கிறாள். முதலில் அடைப்புக்குறியை மூட மறந்தாள், பிறகு முக்காற்புள்ளியை விட்டாள். ஒவ்வொரு தடவையும் சிவப்பு எழுத்தில் பிழை. இப்போது புதிதாக ஒன்று: அஸ்பியோர்ன் என்ற பெயரில் எதுவும் இல்லை.

பக்கத்து வீட்டு சூல்ஃப்ரிட் காபிக் கோப்பையை வைத்துவிட்டுக் குனிகிறாள். "விளக்குக்குத் தன் பேரையே வச்சிருக்கான் பாரு, திமிரு புடிச்சவன். ஆனா அவன் எழுதின வரியில வெறும் இங்கிலீஷ் 'ஓ'தான் இருக்கு. நீ நம்ம மொழியில வர்ற குறுக்குக் கோடு போட்ட 'ஓ' அடிக்கிற."

"அவன் பேரு அதுதானேடி. கோடு இல்லேன்னா ஒலியே மாறிடுமே."

"அது இந்த மெஷினுக்குத் தெரியுமா? அவன் எழுதின மாதிரியே எழுது."

மகன் பெயரில் அந்தக் கோடு விட்டுப்போனதற்காக அவன் கல்லறைக் கல்லையே திருப்பி அனுப்பியவள் குட்வெய்க். விரல் சற்று நேரம் விசைமேல் நிற்கிறது. பிறகு அந்த எழுத்தை அழித்து வெறும் 'ஓ' அடிக்கிறாள். விளக்கு எரிகிறது. ஜன்னல் கண்ணாடியில் கடல் மறைந்து இரண்டு பெண்களின் முகம் மட்டும் தெரிகிறது. விளக்கைப் பார்த்து, அந்தக் கோட்டோடு சேர்த்தே, அவள் மெல்லக் கூப்பிடுகிறாள்: "அஸ்பியோர்ன்."