தவறி விழுந்த சுரம்

"என்னங்க பண்ணிட்டு வந்திருக்கீங்க? மாப்பிள்ளை பேரைச் சொல்லச் சொன்னா, யார் பேரைச் சொல்லிட்டு வந்து நிக்கறீங்க?"

மேடைக்குப் பின்னால், திரை மறைவில், முதலாளியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். லிஃப்ட் செய்து விற்கும் கம்பெனி அவருடையது. இனி அதை யார் நடத்தப்போகிறார் என்று இன்றைய ஆண்டு விழாவில் அறிவிக்க வேண்டும். மாப்பிள்ளைதான் என்று வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது. வீட்டில் முடிவாவது என்றால் முதலாளியம்மா முடிவு செய்வது. ஆனால் மைக்கைப் பிடித்த மனிதர் சர்வீஸ் பிரிவுத் தலைவியின் பெயரைச் சொல்லிவிட்டார். அரங்கமே எழுந்து கைதட்டியது.

"வாய் தவறிட்டுதும்மா. நாக்கு நுனி வரைக்கும் மாப்பிள்ளை பேருதான் இருந்துச்சு..."

"உடனே போய்த் திருத்திச் சொல்லுங்க."

"ஐநூறு பேர் முன்னாடியா?"

"ஐயாயிரம் பேர் இருந்தாலும் சொல்லுங்க. அவ கெட்டிக்காரிதான், நான் இல்லேன்னா சொன்னேன்? லிஃப்ட் பாதியில நின்னா அவ போனாத்தான் கதவு திறக்குதாம். அதுக்காக நம்ம பொண்ணைப் பார்க்க வேண்டாமா?"

மாப்பிள்ளையும் தங்கமானவர்தான். என்ன, எதையும் திட்டம் போட்டுத்தான் செய்வார். ஒரு தடவை லிஃப்டில் அவரே மாட்டிக்கொண்டபோது, உள்ளேயிருந்து போன் போட்டு, இதைப் பற்றிப் பேச எல்லாரையும் மீட்டிங்குக்குக் கூப்பிட்டவர்.

முதலாளி பெருமூச்சு விட்டு மேடைப் பக்கம் திரும்பினார். விழாவில் வாசிக்க வந்து, அங்கே ஒரு மூலையில் ஓய்வாக உட்கார்ந்திருந்த ஜாஸ் கோஷ்டியின் பியானோக்காரர் கனைத்தார்.

"குறுக்கே பேசறதுக்கு மன்னிக்கணும். போய்த் திருத்தாதீங்க சார்."

"உங்களை யார் கேட்டா?" என்றார் முதலாளியம்மா.

"யாரும் கேக்கலம்மா. ஆனா தப்பா வாசிச்சே வயிறு வளர்த்தவன் நான். கொஞ்சம் இதைக் கேளுங்க."

எளிமையான ஒரு மெட்டை வாசித்தார். நடுவில் விரல் தவறான கட்டையில் விழுந்தது. சட்டென்று நிறுத்தினார், மறுபடி முதலிலிருந்து சரியாக வாசித்தார்.

"இப்ப உங்க காதுல என்னம்மா நிக்குது?"

"அந்தத் தப்புதான்."

"சரி, இப்ப கேளுங்க."

அதே மெட்டு. அதே தவறான சுரம். இந்த முறை அவர் நிறுத்தவில்லை. அந்தச் சுரத்தையே மறுபடி அழுத்தி அடித்தார். அப்புறம் கொஞ்சம் குழைத்து அடித்தார். இடது கை அதைச் சுற்றிப் புதிதாக ஒரு பாதை போட்டது. பின்னால் காப்பி குடித்துக்கொண்டிருந்த டிரம்ஸ்காரர் கோப்பையை வைத்துவிட்டுக் குச்சிகளை எடுத்துச் சேர்ந்துகொண்டார். முதலாளியம்மாவின் செருப்பு நுனி, அவருக்கே தெரியாமல், தாளம் போட்டது.

"எங்க தொழில்ல எழுதி வச்சு வாசிக்கிறது கொஞ்சம்தாம்மா. தப்பு விழுந்தா ஓடி ஒளிய மாட்டோம். கூட இருக்கறவன் தாங்கிப் பிடிப்பான். அதுவே பாட்டாயிடும்."

"இது கச்சேரி இல்லப்பா, கம்பெனி!"

"கம்பெனியும் ஒரு கோஷ்டிதானேம்மா? இப்ப சார் போய்த் திருத்தினா நாளைக்கு என்ன பேசுவாங்க? 'மாமனாருக்கே மாப்பிள்ளை பேரு ஞாபகம் வரல'ன்னு சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பு அவரை விட்டுப் போகவே போகாது."

அது நேராக நெஞ்சில் போய்த் தைத்தது. முதலாளியம்மா கணவர் பக்கம் திரும்பினார்.

"அப்ப மாப்பிள்ளைக்கு?"

"திட்டமிடல் பிரிவு முழுசும் அவருக்குத்தான். அதுக்கு அவரை விட்டா ஆளே கிடையாது," என்றார் முதலாளி மளமளவென்று.

முதலாளியம்மா தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

"சரி. மறுபடியும் அந்தப் பொண்ணு பேரையே சொல்லுங்க. மென்னு முழுங்காம சொல்லணும். பூங்கொத்தை நானே கொடுக்கறேன். இது நம்ம வீட்டு முடிவுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

திரையை விலக்கிக்கொண்டு அவர்தான் முதலில் மேடை ஏறினார். அந்த நடையைப் பார்த்தவர்கள், இதெல்லாம் அவருடைய யோசனை என்றே நினைத்திருப்பார்கள்.

அவருக்குப் பின்னால் திரை மூடியதும் முதலாளி பியானோக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம்! ஆனா நேத்து நாம ஒத்திகை பார்த்தப்ப டிரம்ஸ் கிடையாதே?"

"நீங்க வாய் தவறினது, நான் கை தவறினது எல்லாம் நேத்து பார்த்தபடியேதான் சார், தானா வந்தது அந்த டிரம்ஸ் ஒண்ணுதான்!"