தாழ்ப்பாளின் உயரம்

"தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைங்கண்ணே," என்றாள் அந்த வீட்டுக்காரி.

அளவு நாடாவைக் கதவில் பிடித்த தச்சர் திரும்பினார். "படுக்கையறைக்கு உள்பக்கம்தானேம்மா வைப்பாங்க?"

"இதுக்கு வெளியேதான். உள்ளேயிருந்து எவ்வளவு இடிச்சாலும் பேர்ந்து வரக் கூடாது."

தச்சர் சுற்றிலும் பார்த்தார். சுவரோரம் நின்ற அவளுடைய ஏழு வயது மகளின் மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது.

"பச்சைப் பிள்ளையை அடைச்சு வைக்கவா? அந்தப் பாவத்துக்கு நான் கோடு போட மாட்டேன்!" கோடு போட எடுத்திருந்த மூலமட்டத்தைப் பையில் போட்டார்.

"பாப்பா, வெளியே நின்னு கையைத் தூக்கு," என்றாள் அவள். சிறுமி எம்பிக் கதவைத் தொட்டாள். "அந்த உயரத்துல வைங்கண்ணே. பூட்டப் போறது இவ. உள்ளே இருக்கப் போறது நான். எனக்கு வெறி வந்தா எதிர்ல நிக்கிறது யாருன்னே தெரியாது. நேத்து இவ கையை முறுக்கினதும் நான்தான்."

தச்சர் மூலமட்டத்தை மறுபடி எடுத்தார். சிறுமி எம்பாமலே தொடும்படி, ஒரு சாண் கீழே கோடு போட்டார். இந்தத் தாழ்ப்பாளுக்கு வேலையே வராமல் இருக்கட்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டார்.

"எப்பம்மா திறக்கணும்?" என்றாள் சிறுமி.

"உன் பேரைச் சொல்லி நான் கூப்பிட்டா மட்டும்."