சம்பந்தி பார்த்த ஸ்டேட்டஸ்

“இப்போ எழுத்து தெளிவாத் தெரியுதா, சம்பந்தி?”

புது வில்லை பொருத்திய கண்ணாடியைச் சம்பந்தியம்மாவின் காதில் மாட்டிவிட்டுக் கேட்டாள் கண்ணாடிக்காரம்மா. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துப் பொருத்துகிற வேலை என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

சம்பந்தியம்மா சுவரில் தொங்கிய எழுத்து அட்டையை ஏறிட்டும் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து எதையோ தட்டினாள். “எழுத்து கிடக்கட்டும். உங்க பொண்ணு சைக்கிள் ஓட்டுற அழகு நல்லாத் தெரியுது.”

திரையில் மகள் ஆட்டம் கண்ட சைக்கிளில் வளைந்து வளைந்து வந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளை பின்னாலேயே சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். முப்பது வயதில் சைக்கிள் பழகுகிறாள் என்பதே பெற்றவளுக்குச் செய்தி.

“நேத்தே ஸ்டேட்டஸ்ல போட்டாளே, நீங்க பாக்கலையா?” என்றாள் சம்பந்தி. அதோடு விடவில்லை. போன் தொலைந்த மறுநாளே மருமகள் தன்னைத் தேடி வீட்டுக்கு வந்து நம்பரைக் கேட்டு வாங்கிப் போன பாசத்தையும் சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

மாமியாரும் மருமகளும் கீரியும் பாம்புமாக இருப்பதைப் பார்த்துக் கலங்கும் தாய்மார்கள் உண்டு. கண்ணாடிக்காரம்மாவுக்கோ அவர்கள் நகமும் சதையுமாக இருப்பதுதான் வயிற்றெரிச்சல். வெளியே சொல்லவும் முடியாத எரிச்சல்.

முன்பு மகள் போன் செய்தால் பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது வரை சொல்லுவாள். இப்போது யாரும் யாருக்கும் சேதி சொல்வதில்லை. ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, எல்லோருக்கும் சொல்லியாயிற்று என்று இருந்துவிடுகிறார்கள். அப்புறம் போனில் பேச ‘சாப்டியா’வைத் தவிர என்ன மிச்சம் இருக்கும்?

கொஞ்ச காலம் முன்பு பஸ்ஸில் மகளின் போன் தொலைந்தது. கூட வந்த யாரோ ஒருவரின் போனை இரவல் வாங்கி இவளைக் கூப்பிட்டு, உங்க மாப்பிள்ளைக்கும் நீயே சொல்லிடும்மா என்று அழுதாள். புதுப் போனில் பழைய நம்பரே வந்தது. ஆனால் அன்றோடு மகளின் ஸ்டேட்டஸ் இவளுக்கு வருவது நின்றுபோனது. வேலை அதிகம், அதனால் போடுவதில்லை போலிருக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

கடையில் பில் போடும் பெண்ணிடம் போனை நீட்டினாள். அந்தப் பெண் அங்கே இங்கே தட்டிப் பார்த்துவிட்டு விளக்கினாள். ஸ்டேட்டஸ் என்பது இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் போட்ட கதவு மாதிரி. இவள் போனில் அவள் நம்பரும், அவள் போனில் இவள் நம்பரும் பதிந்திருந்தால்தான் திறக்கும். ஒரு பக்கம் மட்டும் பதிந்திருந்து பயனில்லை.

“உங்க பக்கம் சரியாத்தான் இருக்குக்கா.”

“அப்போ அவ எனக்குக் காட்டாம மறைச்சு வச்சிருக்காளா?”

மகளின் முகம் இருக்கவேண்டிய வட்டத்தில் சாம்பல் நிற உருவம் மட்டும்தான் இருந்தது. அந்தப் பெண் அதைத் தொட்டுக் காட்டித் தயங்கினாள். “படமும் தெரியலையே. உங்க நம்பரே அவங்க போன்ல இல்லைன்னு நினைக்கிறேன்.”

அதற்குப் பிறகு அன்று அவள் தேய்த்த வில்லை ஒன்றுகூட உருப்படவில்லை. சாயங்காலம் நேராக மகள் வீட்டுக்கே போய்விட்டாள்.

மகள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். போன் அடுப்பு மேடையில் சார்ஜில் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை ஒளிர்ந்து ‘அத்தை’ என்று ஒரு செய்தி வந்தது; பெயருக்குப் பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ வேறு.

கேட்க வாய் வரவில்லை. கண்ணாடிக்காரம்மா முந்தானைக்குள் வைத்தே தன் போனில் மகளைக் கூப்பிட்டாள். மேடையில் போன் அதிர்ந்தது. பூ இல்லை, ‘அம்மா’ இல்லை. தெருவில் போகிறவன் கூப்பிட்டாலும் வருவதைப் போல வெறும் எண்கள் வரிசையாக நின்றன.

“மாமியாருக்குப் பூ வச்சிருக்க. பெத்தவளுக்கு வெறும் நம்பரா?”

மகள் ஈரக்கையோடு திரும்பினாள். அம்மாவின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துப் பதறி, என்ன ஏது என்று கேட்டாள். கடைப் பெண் சொன்ன தாழ்ப்பாள் கணக்கு முழுவதையும் கண்ணாடிக்காரம்மா கொட்டித் தீர்த்தாள். மகளுக்கு அப்படியொரு விதி இருப்பதே தெரியவில்லை. ஊரெல்லாம் பார்க்கிறது, அம்மா மட்டும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லையே என்று தானும் இத்தனை நாள் உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

கண்ணாடிக்காரம்மா அதற்கெல்லாம் மசியவில்லை. “போன் தொலைஞ்சதும் ஒவ்வொருத்தரா தேடிப் போய் நம்பர் வாங்கினியாமே. என்கிட்ட மட்டும் ஏன்டி கேக்கல?”

மகள் விழித்தாள்.

“உன்கிட்ட எதுக்கும்மா கேக்கணும்? எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரே நம்பர் உன்னோடதுதானே.”