நிறுத்தற பட்டன் எங்கே?

"பெரிஸாத்! ஏ பெரிஸாத்! இந்தச் சனியன் மறுபடியும் பாடுது, வந்து நிறுத்து!"

உள்ளறையிலிருந்து மாமியார் உல்கான் கத்தினாள். கூடவே போனில் கோமுஸ் வாத்தியம் முழங்க, எவனோ ஒருவன் காதலியைத் தேடித் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தான்.

காலையிலிருந்து, வெந்நீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்த பெரிஸாத், தேநீர்க் கிண்ணத்தை விருந்தாளியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். முகம் வெளுத்திருந்தது.

விருந்தாளி வேறு யாருமில்லை, உல்கானுடைய புருஷனின் அக்கா பாத்மா. ஏரிப் பக்கத்து ஊரான காராகோலிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் போதும், சாயங்காலத்துக்குள் ஏரியைச் சுற்றியுள்ள எல்லா ஊருக்கும் தெரிந்துவிடும். அவள் முன்னால் உல்கானே பெட்டிப் பாம்பு. பிள்ளை பெறாத மருமகளைக் கேட்கவே வேண்டாம். உட்காரக் கூடாது, நின்றபடி தேநீர் ஊற்ற வேண்டும். அதுவும் அரை அரைக் கிண்ணமாக. நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தமாகிவிடும்.

பாத்மா கிளம்புகிற வழியாகத் தெரியவில்லை.

ரொம்ப நேரம் கழித்துப் பாட்டு நின்றது. பெரிஸாத் திரும்பி வந்து சமோவார் அருகே நின்றாள். பின்னாலேயே ஜாம் பாத்திரத்தோடு உல்கான் வந்தாள்.

"ஏன் உல்கான், ஒரு பாட்டை நிறுத்தறதுக்கு இந்தப் பொண்ணை எத்தனை தடவை அலைக்கழிப்பே?" என்று ஆரம்பித்தாள் பாத்மா. "மருமகள்னா மனுஷி இல்லையா? எங்க வீட்டு மருமகளை நான் பூ மாதிரி வெச்சிருக்கேன். பொண்ணே, இன்னொரு அரைக் கிண்ணம் ஊத்து."

"நான் என்னக்கா பண்றது? கோடையில வந்த மகன் இந்த போனைக் கையில குடுத்துட்டு மறுபடி ரஷ்யாவுக்குப் போயிட்டான். முக்கோணத்தை அமுக்கினா நிக்கும்னான். அமுக்கினா அடுத்த பாட்டு வருது. கீழ இழுத்தா ஆளு மறைஞ்சிடறான், குரல் மட்டும் வருது."

"நல்லா இருக்கு போ! பொண்ணே, இன்னும் கொஞ்சம் ஊத்து."

உல்கான் பாலேடு எடுக்க உள்ளே போனாள். அவ்வளவுதான், அதே காதலன் மறுபடி அலறினான்.

"பெரிஸாத்!"

பெரிஸாத் நகர்ந்தாள். இந்தத் தடவை பாத்மா விடவில்லை.

"நீ நில்லு பொண்ணே. என் பேரன் பிஷ்கெக்ல கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான், எனக்குத் தெரியாத போனா? உல்கான், அதைக் கொண்டா இங்க!"

உல்கானின் முகம் சுண்டிவிட்டது. "உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்..."

"கொண்டான்னா கொண்டா!"

பெரிஸாத் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பாத்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை முறைத்தாள். "இதோ, இதயம் போட்டிருக்கான். நிறுத்தறது இதுதான்." அமுக்கினாள். இதயம் சிவந்தது, பாட்டு நிற்கவில்லை.

"ரெண்டு அம்பு சண்டை போடுது பாரு. இதைப் பிரிச்சு விட்டா நிக்கும்." அமுக்கினாள். அம்புகள் பச்சையாகிச் சிரித்தன, காதலன் பாடிக்கொண்டே இருந்தான்.

மூன்று புள்ளிகளைத் தொட்டாள். பாட்டை யாருக்கு அனுப்ப வேண்டும் என்று போன் மரியாதையாகக் கேட்டது. பாத்மா பதறிப்போய் எல்லாவற்றையும் கீழே இழுத்துத் தள்ளினாள். திரை காலியாகிவிட்டது, குரல் மட்டும் வந்தது. ஓரத்துப் பொத்தானை அழுத்தினாள். குரல் இரண்டு மடங்கானது.

"மூடிட்டேன், அப்பவும் பாடறான்! இது போன் இல்லை, பேய்!"

"உங்களாலேயே முடியலையேக்கா," என்று உல்கான் ரொம்பவும் வருத்தப்பட்டாள். "சின்னப் பொண்ணுதான் இதுக்கு லாயக்கு. பெரிஸாத், உள்ள கொண்டு போய்ச் சரி பண்ணு. கதவைச் சாத்திக்கோ, பெரியத்தைக்குக் காது வலிக்கும். அவசரம் இல்லை, பொறுமையாப் பண்ணு."

கதவு மூடிக்கொண்டது. காதலன் உள்ளேயிருந்து கதறினான். உல்கானே நின்றுகொண்டு நாத்தனாருக்குத் தேநீர் ஊற்றினாள்.

"இன்னுமா நிக்கலை?" என்றாள் பாத்மா, பொரித்த மாவுத் துண்டான போர்சோக்கை ஜாமில் தோய்த்தபடி.

"கஷ்டமான மெஷின்க்கா."

"இந்த வயசுல நீ நின்னு ஊத்தறே. எல்லாம் ஒரு பட்டன் தெரியாததால வந்த வினை."

"ஆமாக்கா. எனக்குப் புத்தி பத்தலை. இருங்க, என்னாச்சுன்னு பார்த்துட்டு வரேன்."

உள்ளறையில் மெத்தை மேல் பெரிஸாத் கால் நீட்டிப் படுத்திருந்தாள். போன் தலைமாட்டில் கிடந்து தன்பாட்டுக்கு அலறிக்கொண்டிருந்தது. மாமியாரைக் கண்டதும் அவள் எழப் பார்த்தாள்.

"படுடி," என்று உல்கான் கிசுகிசுத்தாள். "மூணு மாசம் தாண்டற வரைக்கும் அந்த அக்கா காதுக்குப் போகக் கூடாது. போன தடவை வாய்விட்டுட்டேன். ஊரே வந்து கண்ணு வெச்சுது, தங்கலை. இந்தத் தடவை விட மாட்டேன்."

"தூக்கமா வருது அத்தை. ஆனா இந்தக் கத்தல்ல..."

உல்கான் போனை எடுத்தாள். பெருவிரலால் இரண்டே தட்டு. காதலன் ஓடிப்போனான், மெல்லிய கோமுஸ் இசை வந்தது. சுற்றுகிற அம்பை ஒரு தட்டுத் தட்டி, அந்த இசையே திரும்பத் திரும்ப வரும்படி வைத்தாள்.

"என்ன ஆச்சு உல்கான்?" என்று வெளியிலிருந்து பாத்மா கத்தினாள்.

"நிக்க மாட்டேங்குதுக்கா! ஆளுதான் மாறியிருக்கான்!"

பிறகு போர்வையை இழுத்து மருமகளின் வயிற்றை மூடிவிட்டு முணுமுணுத்தாள்:

"ஒருத்தருக்கும் புரியாதபடி இதைச் செஞ்சு வெச்சானே, அந்த மகராசன் வம்சம் தழைக்கட்டும்!"